நூறாவது பொந்து

திண்டுக்கல்லில் சிமெண்டு வியாபாரிகள் பலர் உண்டு. மரங்களைக் காப்பாற்றும் சிமெண்டு வியாபாரி ஒருவர்தான். பெயர் ஸ்டீபன்ராஜ். வெறும் பெயரை மட்டும் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முன்னால் 'பசுமைத் தளபதி' என்று ஒன்று வர வேண்டும். நேரம் இருந்தால் 'மரங்களின் மருத்துவர்' என்று இன்னொன்றும் வரலாம். இரண்டு பட்டங்களையும் அவருக்கு வழங்கியது 'மரமே மானுடம் பேரவை'. பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர் மூவரும் அவரே என்பதால் பட்டம் வழங்குவதில் கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.

மரம் நடுகிறவர்களை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. கன்று வைக்க யாராலும் முடியும், கிழட்டு மரத்தைக் காப்பாற்றத்தான் ஆள் வேண்டும் என்பார். அவர் காப்பாற்றும் விதம் எளிமையானது. வயதான மரத்தில் பொந்து இருக்கும். பொந்து என்பது புண். புண்ணுக்குள் உடைத்த செங்கல்லைத் திணித்து, கோழிவலையை அடித்து, மேலே சிமெண்டு பூசி, அது காய்ந்ததும் மரப்பட்டை நிறத்தில் பெயிண்டு அடித்து, அதற்கும் மேலே தன் படத்தோடு எண் போட்ட தகடு ஒன்றை அறைந்தால் மரம் குணமாகிவிட்டது என்று பொருள். இப்படிக் குணமான மரங்கள் தொண்ணூற்றொன்பது.

அந்தத் தொண்ணூற்றொன்பது பொந்துகளையும் அடைத்த கை சங்கிலி கொத்தனாருடையது. தகட்டில் அவர் பெயர் கிடையாது. படங்களில் இரண்டு முறை அவருடைய கை மட்டும் முழங்கை வரைக்கும் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அவருக்குக் குறையும் இல்லை. அறுபத்தோராவது மரத்தில்தான் மனசு ஒரு மாதிரியானது. பூசி முடித்த பிறகு ஒரு கிளி அந்த மரத்தைச் சுற்றி இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. சங்கிலி அதைச் சொன்னபோது ஸ்டீபன்ராஜ் கண் கலங்கிவிட்டார். "கிளி நமக்கு நன்றி சொல்லுதுடா" என்றார். சங்கிலிக்குக் கிளி பாஷை தெரியாது. ஆனால் நன்றியை யாரும் இரண்டு நாள் தொண்டை கிழியச் சொல்வதில்லை என்பது தெரியும்.

நூறாவது மரம் விழா மரம். கன்னிவாடி சாலையில் அன்புக்கரசி என்பவரின் மாந்தோப்பு ஓரத்தில் நிற்கிற புளியமரம். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். பத்தடி உயரத்தில், கிளை முறிந்த இடத்தில், ஒரு குடம் நுழைகிற அளவுக்குப் பொந்து. புதன்கிழமை காலை விழா. செவ்வாய்க்கிழமை மதியம் சங்கிலி தன் மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு அளவெடுக்கப் போனார்.

மாமரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அன்புக்கரசி மண்வெட்டியோடு வந்தார். "அளவு எதுக்குண்ணே? மாலை கட்டவா?"

"பொந்தை அடைக்க, தாயி."

"அடைக்கவா? மரத்துக்கு மரியாதை செய்யப் போறோம், கையெழுத்துப் போடுங்கன்னுல அந்த ஆளு கேட்டாரு. சந்தனம் குங்குமம் வப்பாகன்னு நெனச்சுப் போட்டுக் குடுத்தேன்."

"இதுதான் அவரு செய்யிற மரியாதை."

அன்புக்கரசி மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அதுல குடியிருக்காங்கண்ணே."

சங்கிலி நிமிர்ந்து பார்த்தார். பொந்து இருட்டாக இருந்தது. பகலில் எல்லாப் பொந்தும் காலிதான். தொண்ணூற்றொன்பதும் அப்படித்தான் இருந்தன.

அன்புக்கரசி மரத்தடியைக் காலால் காட்டினார். வேர்களின் மேல் சுண்ணாம்பு கொட்டியதுபோல் எச்சம். பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் சாம்பல்நிற உருண்டைகள். பூனை வாந்தி என்று நினைத்து ஒதுங்கப்போன சங்கிலியின் கையில் ஒன்றை எடுத்து வைத்தார். "காட்டாந்தை. எலியை முழுசா முழுங்கும். சதையைச் செரிச்சுப்புட்டு முடியையும் எலும்பையும் உருட்டித் துப்பிரும். உடைச்சுப் பாருங்க."

சங்கிலி தன் கொத்துக்கரண்டி நுனியால் உடைத்தார். எலிமுடி கெட்டியாகப் பிணைந்து கிடக்க, நடுவே ஒரு மண்டையோடு, ஊசிபோல இரண்டு பல், விலா எலும்புகள். இன்னும் கிளறியபோது இரண்டாவது மண்டையோடு. "கலவை நல்ல பதம். ஒரு துணுக்குகூடச் சிந்தலையே" என்றார். முப்பது வருஷக் கொத்தனார் ஒருவர் இன்னொரு தொழில்காரனைப் பாராட்டும் குரல் அது.

"எலிக்குப் பக்கத்துத் தோப்புக்காரரு மருந்து வைக்கிறாரு. நான் வச்சதே இல்ல. இதுக ரெண்டும் பாத்துக்கிருதுக. வருசா வருசம் இதே பொந்துதான். வேற எடம் போகாது. கூடுன்னு ஒண்ணும் கட்டத் தெரியாது, பாவம். மரமாப் பாத்துக் குடுத்தாத்தான் உண்டு."

"ஆளு எங்க இப்ப?"

"அந்தா, பொந்துக்கு மேல ரெண்டாவது கொப்புல. உங்களையத்தான் பாக்குது."

சங்கிலி பார்த்தார். கொப்பும் பட்டையும்தான் தெரிந்தன. அரை நூல் சுவர் சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு முன்னால் பட்டையின் ஒரு பகுதி மெல்ல இமையை மூடித் திறந்தது. அதற்குப் பிறகுதான் முகம் தெரிந்தது. கிணற்றில் கல்லைப் போட்டதுபோல வட்டம் வட்டமாகக் கோடு ஓடிய முகம், நடுவில் கருத்த கண்கள். அது அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் பகல் முழுக்க அதற்கு வேலை.

ஏணியைச் சார்த்தி ஏறி, செல்போன் வெளிச்சத்தைப் பொந்துக்குள் அடித்தார். பஞ்சுப் பொதியைப் பிய்த்து வைத்ததுபோல இரண்டு குஞ்சுகள். பக்கத்தில் அரை எலியும் ஒரு நண்டுக் காலும் கிடந்தன, சோற்றுக்கு முன்னாலேயே வெஞ்சனத்தை எடுத்து வைத்ததுபோல. பெரிய குஞ்சு அவரைப் பார்த்துச் சீறியது. அலகை டக் டக் என்று அடித்தது. உள்ளங்கை அளவு உடம்பு. கொத்தனாரை அடித்துத் துரத்திவிடும் உத்தேசம் அதற்கு நிஜமாகவே இருந்தது.

இறங்கி வந்து அளவு எழுதிய துண்டுச் சீட்டைக் கிழித்தார். "எப்பப் பறக்கும்?"

"இன்னும் இருபது நாளாச்சும் ஆவும்."

அன்று சாயங்காலம் ஸ்டீபன்ராஜின் கடையில் அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. அழைப்பிதழில் மரத்தின் படம் தபால்தலை அளவில் இருந்தது. ஸ்டீபன்ராஜின் படம் மரத்தின் அளவில் இருந்தது.

"மொதலாளி, அந்தப் பொந்துல ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்கு. ரெண்டு."

"தொரத்திரு."

"அதுகளுக்குப் பறக்கத் தெரியாது."

ஸ்டீபன்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலே சங்கிலி, நான் ஆந்தைக்கு விரோதியில்ல. ஆந்தைக்குன்னு தனித் திட்டமே வச்சிருக்கேன். அது அடுத்த வருசம். இந்த வருசம் மரம். ஒரு தகரப் பெட்டி செஞ்சு தாரேன், பேரவை பேரு போட்டு. அதுல எடுத்து வை."

"மாசி வெயில்ல தகரத்துக்குள்ள வச்சா சாயங்காலம் வறுத்த கோழியாத்தான் எடுக்கணும். ஒரு இருபது நாள் தள்ளி வையிங்க. இல்ல, வேற மரம் பாப்போம்."

"விருந்தாளி தேதி குடுத்தாச்சு. ஓய்வுபெற்ற அதிகாரி ஆனந்த்ராஜ் சார். அவரு தேதி கெடைக்கிறது உனக்கு என்ன தெரியும்." ஆனந்த்ராஜ் ஓய்வுபெற்ற நாளிலிருந்து தினமும் இரண்டு விழாவுக்குப் போகிறவர். அவர் தேதி கிடைக்காதவர்கள் திண்டுக்கல்லில் இல்லை. "தள்ளி வைக்கிற பேச்சே கெடையாது. பொந்துங்கிறது மரத்துக்குப் புண்ணு. புண்ணை வச்சுக்கிட்டு ஒரு உசுரு எப்படிடா வாழும்?"

"மூக்குலயும் ரெண்டு பொந்து இருக்கு மொதலாளி. அதையும் பூசிருவமா?"

கடையில் ஆணி வாங்க வந்த ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். ஸ்டீபன்ராஜின் முகம் சிவந்தது. "நீ கொத்தனாரா, வக்கீலா?"

"கொத்தனாருதான். அதான் சொல்றேன். ஆளு இருக்கிற வீட்டுக்கு வாசல்ல செவரு வைக்க மாட்டேன்."

"நீ வைக்காட்டி? திண்டுக்கல்லுல கொத்தனாருக்கா பஞ்சம்?"

"நாளைக்குக் காலையில பாப்போம்" என்றார் சங்கிலி.

கொத்தனார்களும் சித்தாள்களும் காலையில் வேலைக்கு ஆள் எதிர்பார்த்து நிற்கிற இடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டீக்கடை ஓரம். ஆறரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே பேச்சைவிடப் பை முக்கியம். கரண்டிப் பிடி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆள் வேலைக்குத் தயார். பிடி உள்ளே போய்விட்டால் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதற்குமேல் யாரும் அவனிடம் பேரம் பேசுவதில்லை.

சங்கிலி அன்று ஆறு மணிக்கே போய் நின்றார். டீக்கடைப் பெஞ்சில் ஒரு துணியை விரித்து, அந்தச் சாம்பல்நிற உருண்டையை உடைத்து வைத்து, விஷயத்தைச் சொன்னார். பேச்சு நீளவில்லை. இரண்டு குஞ்சு, இருபது நாள், ஒரு சட்டி கலவை, அவ்வளவுதான்.

சதாம் என்கிற இளங்கொத்தனார் எலி மண்டையோட்டை உற்றுப் பார்த்தான். "ஆந்தை மூஞ்சியில முழிச்சாலே ஆகாதும்பாங்களே மாமா."

"ஆகாத மூஞ்சி ஆந்தைக்கு இல்லடா" என்றார் சித்தாள் ரோஸ்மேரி. "செத்த நேரத்துல வெள்ளைக் கார்ல வரும் பாரு. அதுல முழிச்சுட்டுச் சொல்லு."

சங்கிலி தன் கரண்டியை எடுத்துப் பிடி உள்ளே போகத் திருப்பிப் பையில் போட்டார். யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ரோஸ்மேரி தன் சட்டியைக் கவிழ்த்தார். சதாம் கொஞ்ச நேரம் மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கரண்டியைத் திருப்பினான். அப்புறம் ஒவ்வொரு பையாகப் பிடிகள் உள்ளே போயின. ஒரு நாள் கூலி என்பது அங்கே நின்ற யாருக்கும் சின்னக் காரியமில்லை.

ஏழு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. ஸ்டீபன்ராஜ் கண்ணாடியை இறக்கி, "ஒரு கொத்தனாரு வாங்கப்பா. அரை நாள் வேலை, முழு நாள் கூலி" என்றார்.

"வேலை இருக்குங்க" என்றான் சதாம்.

"எங்க?"

"இங்கதான்."

"இங்க என்னடா வேலை?"

"நிக்கிற வேலை. சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

ஸ்டீபன்ராஜ் பைகளைப் பார்த்தார். ஒரு பிடிகூட வெளியே இல்லை. இருபத்தைந்து வருஷமாகச் சிமெண்டு விற்பவருக்கு அதன் அர்த்தம் தெரியும். "நான் பாக்காத சிமெண்டா? நானே பூசுறேன்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினார். சொல்லி முடித்த பிறகு அந்த யோசனை அவருக்கே பிடித்துப்போனது. தளபதியே களத்தில் இறங்குகிறார் என்று வராதா செய்தியில்?

பத்து மணிக்கு மாந்தோப்பில் பந்தல், நாற்காலிகள், எட்டடிக்குப் பத்தடியில் ஸ்டீபன்ராஜ். இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை இடம் தோதாக இருக்கிறது என்று புளியமரத்திலேயே கட்டியிருந்தார்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்ற முதல் சத்தத்தில் கொப்பிலிருந்த காட்டாந்தை பறந்தது. இறக்கையில் சத்தமே இல்லை. ஆனால் பகல் அதற்குச் சொந்தமானது இல்லை. இருபது காக்கைகள் எங்கிருந்தோ சேர்ந்து வந்து அதைத் தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரட்டின. ஒரு மாமரத்தின் அடர்த்திக்குள் அது புகுந்துகொள்ள, காக்கைகள் மேலே கூடிக் கத்தின. பேரவை உறுப்பினர் ஒருவர் அதைச் செல்போனில் படம்பிடித்து, பறவைகளும் விழாவுக்கு வந்திருப்பதாக அனுப்பிவைத்தார்.

சங்கிலி வந்து சேர்ந்தபோது அன்புக்கரசி வேலியோரம் நின்றார். "ஒலிபெருக்கியைக் கழட்டச் சொல்லிக் கேட்டேண்ணே. கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுறாக. இந்தக் கத்து கத்துனா தாய் ஆந்தை எப்படித் திரும்பி வரும்? காக்கா கொத்திப்புடும்."

"இருங்க. மொதல்ல பொந்து."

ஆனந்த்ராஜ் சார் வந்து, நாற்காலிகளில் இருந்த ஓய்வூதியர்களைப் பார்த்து "இளைய சமுதாயமே" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசி உட்கார்ந்தார். ஸ்டீபன்ராஜ் எழுந்தார். சிகிச்சை செய்துகொண்டே விளக்கமும் சொல்வதற்காக அவர் சட்டையில் ஒரு சிறிய மைக்கைக் குத்தியிருந்தார்கள். வெள்ளிப் பூண் போட்ட கரண்டி ஒரு கையில், கலவைச் சட்டி மறு கையில். கலவையை அவரே குழைத்திருந்தார். மோர்க்குழம்பு பதத்தில் இருந்தது.

ஏணி பந்தல்காரருடையது. வேர்களின் மேல் கோணலாக நின்றது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பேரவையினர் எல்லோரும், ஏணியைப் பிடித்தால் படத்தில் முதுகுதான் விழும் என்று தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது படியில் ஏணி ஆடியபோது அடியில் அதைப் பிடிக்க இரண்டு கைகள் வந்தன. அவை சங்கிலியின் கைகள்.

"பெரியோர்களே, இதோ இந்தப் புண்" என்றார் ஸ்டீபன்ராஜ் பொந்தைக் காட்டி. புண் சீறியது. டக் டக் என்று பல்லைக் கடித்தது. மைக் அதையும் தோப்பு முழுக்கக் கொண்டுபோனது.

கூட்டம் எழுந்து நின்றது. ஸ்டீபன்ராஜ் முதல் கரண்டிக் கலவையை எடுத்தார். அது பொந்தை நோக்கிப் போகாமல் முழங்கை வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. ஏணி மறுபடி ஆடியது.

"ஏலே சங்கிலி. ஏணி ஆடுதுடா." மெதுவாகத்தான் சொன்னார். ஒலிபெருக்கி உரக்கச் சொன்னது.

"வேர் மேல நிக்குது மொதலாளி. ஆடத்தான் செய்யும். கரண்டியையும் சட்டியையும் கீழ போடுங்க. கெட்டியாப் பிடிக்கிறேன்."

"போடலைன்னா?"

"தொண்ணூத்தொம்பது பொந்து அடைச்ச கை. வலிக்குது."

"டேய், விட்றாதடா. பயமா இருக்குடா" என்றன இரண்டு ஒலிபெருக்கிகளும் கன்னிவாடி சாலை வரைக்கும்.

வெள்ளிப் பூண் கரண்டி முதலில் விழுந்தது. பிறகு சட்டி. சங்கிலி இரண்டு கையாலும், ஒரு காலாலும் ஏணியை அணைத்துப் பிடித்தார். கடைசிப் படி வரைக்கும் அதை ஒரு நூல்கூட ஆட விடவில்லை. தளபதி பத்திரமாகத் தரை சேர்ந்தார்.

"உள்ள என்ன மிஸ்டர் ஸ்டீபன்ராஜ்?" என்றார் ஆனந்த்ராஜ்.

ஸ்டீபன்ராஜ் வாயைத் திறப்பதற்குள் சங்கிலி அவருடைய சட்டை மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஆந்தைக் குஞ்சுங்கய்யா. ரெண்டு. உசுரோட வச்சுப் பூசத்தான் உங்களையக் கூப்பிட்டுருக்காக."

ஆனந்த்ராஜ் தன் கழுத்து மாலையைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்டீபன்ராஜ் நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் சிமெண்டு படிந்தது. வியாபாரம் நொடித்த அன்றும் கல்லாவில் சிரித்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர் அவர்.

"பெரியோர்களே, இதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன்" என்றார். "நூறாவது மரத்தின் சிறப்பே அதை மூடாமல் விடுவதுதான். ஆந்தைகளின் இல்லமாக இந்தப் பொந்தைப் பேரவை இன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கிறது." ஒருவர் கை தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். ஆனந்த்ராஜ் மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "இந்த அரிய பணியில் எனக்கு உறுதுணையாக நின்ற சகோதரர் சங்கிலிக்கு 'ஆந்தைக் காவலர்' பட்டத்தையும் பொன்னாடையையும்..."

பொன்னாடையோடு ஒருவர் வந்தார். சங்கிலி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"பட்டம் வேணாம். அதை மடிச்சு வையிங்க, இன்னொரு ஆளுக்கு ஆகும். இந்த ஒலிபெருக்கியை அணைங்க. தாய் ஆந்தை உள்ள வரணும்."

"நன்றியுரை முடியட்டும்டா. அஞ்சு நிமிசம்."

"அம்புட்டு நேரம் காக்கா பொறுக்காது" என்று சங்கிலி ஒலிபெருக்கிப் பெட்டியிடம் போனார். பேரவையினர் இருவர் குறுக்கே வந்தார்கள். அன்புக்கரசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "கரண்டு என்னோட மோட்டார் கொட்டகையில இருந்து வருது. கையெழுத்து மரத்துக்குத்தான் போட்டேன், கரண்டுக்கு இல்ல" என்றார். இருவரும் மண்வெட்டியைப் பார்த்தார்கள். சங்கிலி பிளக்கைப் பிடுங்கினார்.

காக்கைகள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தின. அப்புறம் சாப்பாட்டுப் பந்தி பக்கம் இலை விழுந்த சத்தம் கேட்டு ஒவ்வொன்றாக அங்கே போயின. மாமரத்திலிருந்து பட்டை நிறத்தில் ஒன்று சத்தமில்லாமல் தோப்பைக் கடந்து பொந்துக்குள் போனது. மேடையில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. மைக் இல்லாத ஸ்டீபன்ராஜின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. மூன்றாவது வரிசை பந்திக்குப் போயிருந்தது.